வெங்காய விதை வாங்கும்போது படத்தைப் பார்க்காதீர்கள், பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள்

2023 டிசம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியை நிறுத்தி வைத்ததே, அப்போது சிங்கப்பூர் தேக்கா பக்கம் இரண்டு பேர் நின்று பேசினால் வெங்காயப் பேச்சுதான். 2024 மே மாதம் தடை நீங்கியது, எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. ஆனால் அந்தச் சில மாதங்களில் நம்ம ஆட்கள் நிறையப் பேருக்கு ஓர் ஆசை வந்து ஒட்டிக்கொண்டது: வெங்காயத்தை நாமே தொட்டியில் போட்டால் என்ன? அந்த ஆசை இன்னும் போகவில்லை. எங்கள் புளோக்குக்குக் கீழே இருக்கும் சமூகத் தோட்டத்தில் புதிதாக வருகிறவர்கள் கேட்பதில் பாதி வெங்காயம் பற்றித்தான், மீதி தக்காளி.

கேட்டுவிட்டு, கூடவே ஒரு வரி சொல்வார்கள். "போன தடவை போட்டேன், ஒன்றும் வரவில்லை, எனக்குக் கைராசி இல்லை." இதைக் கேட்டாலே எனக்கு மனசு கேட்காது. கைராசியெல்லாம் பிறகு பார்க்கலாம், முதலில் அந்த விதைப் பாக்கெட்டைக் கொண்டுவாருங்கள் என்பேன். பத்தில் எட்டுப் பேருக்குப் பதில் பாக்கெட்டிலேயே இருக்கும். ஒன்று, விதை இந்த ஊருக்கானது இல்லை. இல்லாவிட்டால் விதை செத்துப்போய் ரொம்ப நாளாகியிருக்கும். மண்ணையும் வெயிலையும் தண்ணீரையும் மாற்றி மாற்றிப் பார்த்துக் களைத்துப்போகிறவர்கள் விதையை மட்டும் சந்தேகப்படுவதே இல்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

வெங்காயத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் ஊர் பார்த்து விதை வாங்க வேண்டும் என்பதற்கு இதைவிடக் கறாரான பயிர் கிடையாது. வெங்காயச் செடி எப்போது கிழங்கு வைக்கலாம் என்று முடிவெடுப்பது பகல் நீளத்தை வைத்து. சில ரகங்களுக்குப் பகல் பன்னிரண்டு மணி நேரம் அல்லது அதற்குச் சற்றுக் குறைவாக இருந்தாலே போதும், திரள ஆரம்பித்துவிடும். இவை குறும்பகல் ரகங்கள். சிலவற்றுக்குப் பதினான்கு மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் வேண்டும், இவை நெடும்பகல் ரகங்கள், ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவின் வடபகுதியிலும் கோடையில் போடுவது இவற்றைத்தான். இரண்டுக்கும் நடுவே இன்னொரு வகையும் உண்டு. நம் சிங்கப்பூர் பூமத்திய ரேகைக்கு 1.3 பாகை வடக்கே இருக்கிறது, இங்கே வருஷத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் பத்து நிமிடம்கூட வித்தியாசம் வராது. ஜனவரியிலும் பன்னிரண்டு மணி நேரம், ஜூனிலும் பன்னிரண்டு மணி நேரம். ஆக, நெடும்பகல் விதையை இங்கே போட்டால் அது முளைக்கும், தாள் விடும், பச்சைப்பசேலென்று நிற்கும், ஆனால் அது எதிர்பார்க்கும் அந்தப் பதினான்கு மணி நேரப் பகல் இந்த ஊரில் வரவே வராது. நீங்கள் எத்தனை மாதம் தண்ணீர் ஊற்றினாலும் அடியில் கிழங்கு இருக்காது. செடி மேல் தப்பில்லை, உங்கள் மேலும் தப்பில்லை.

இது தெரியாமல், நர்சரியில் அழகாகத் தொங்குகிறதே என்று ஐரோப்பியப் பாக்கெட்டை எடுத்துவருகிறவர்கள் ரொம்பப் பேர். அட்டையில் தேங்காய் அளவு வெங்காயம் படம் போட்டிருக்கும். பெயரை மட்டும் பாருங்கள்: எய்ல்சா கிரெய்க், வல்லா வல்லா, யெல்லோ ஸ்வீட் ஸ்பானிஷ் என்றிருந்தால் அப்படியே திருப்பி மாட்டிவிடுங்கள், அதெல்லாம் நெடும்பகல் சரக்கு. நமக்கு ஒத்துவருவது ரெட் கிரியோல், டெக்சஸ் கிரானோ மாதிரியானவை, இல்லையென்றால் நேராக இந்திய ரகங்கள். நாசிக் பக்கத்து என்-53, அக்ரிஃபவுண்ட் டார்க் ரெட், பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட அர்க்கா கல்யாண், அர்க்கா நிகேதன் எல்லாம் குறும்பகல் ரகங்கள்தான். மழைக்காலத்தில் தாளில் ஊதா நிறத் திட்டு விழுந்து காயும் நோய் ஒன்று உண்டு, சிங்கப்பூர் ஈரத்தில் அது சீக்கிரம் பரவும். அர்க்கா கல்யாண் அதை ஓரளவு தாங்கும் என்பதால் எனக்கு அதன்மேல் கொஞ்சம் கூடுதல் பிரியம். பெங்களூரு ரோஸ் வெங்காயம் என்று ஒன்று உண்டு, சின்னதாக, சிவப்பாக, தட்டையாக, நல்ல காரத்தோடு இருக்கும். கோலார், சிக்கபல்லாபூர் பக்கம் விளைவது, 2015 இல் புவிசார் குறியீடும் வாங்கியது. உள்ளூரில் அதிகம் விற்காது, பெரும்பாலும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்குமே கப்பலேறும். அதன் விதை கையில் கிடைத்தால் விடாதீர்கள், பெரிய தொட்டி இல்லாதவர்களுக்கு அந்த அளவு வெங்காயம்தான் பொருத்தம்.

ஆனாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். குறும்பகல் விதையே போட்டாலும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்தில் பெரிய வெங்காயம் எடுப்பது சிரமம். பகல் நீளம் எப்போதும் பன்னிரண்டு மணி நேரமாகவே இருப்பதால் செடி நன்றாகத் தாள் கட்டுவதற்கு முன்பே திரள ஆரம்பித்துவிடும், கிழங்கு சின்னதாகவே நின்றுவிடும், போதாததற்கு ராத்திரியும் சூடு, இடையில் மழை. தினம் ஐந்தாறு மணி நேரம் நேர் வெயில் விழும் இடமோ, பூங்காக்களில் வாடகைக்குக் கிடைக்கிற இரண்டரை மீட்டர் நீளப் பாத்தியோ இருந்தால் முயற்சி செய்யுங்கள். தாழ்வாரம் மட்டும்தான் என்றால் சின்ன வெங்காயமும் தாள் வெங்காயமும் போதும் என்பது என் அபிப்பிராயம். தாள் வெங்காயத்துக்குக் கிழங்கு வைக்காத தனி இனம் இருக்கிறது. பகல் நீளம் பற்றி அதற்குக் கவலையே இல்லை, விதை போட்டு இரண்டு மாதத்தில் நறுக்கலாம், அடியை விட்டு நறுக்கினால் மறுபடி துளிர்க்கும்.

சின்ன வெங்காயத்தைப் பொறுத்தவரை விதையே வாங்க வேண்டாம், தேக்கா சந்தையில் வாங்கும் வெங்காயத்தையே ஊன்றலாம். எதை ஊன்றுவது என்பதில்தான் கவனம். நடுத்தர அளவு, கழுத்து இறுகியது, மேல்தோல் காய்ந்து பளபளப்பாக இருப்பது, விரலால் அழுத்தினால் அமுங்காதது. நுனியில் பச்சை எட்டிப்பார்த்தால் இன்னும் நல்லது. கறுப்புப் பொடி படிந்ததையும் வேர்ப்பக்கம் மெத்தென்று இருப்பதையும் சாம்பாருக்குக்கூட வைத்துக்கொள்ளாதீர்கள். சில நாடுகளிலிருந்து வரும் பெரிய வெங்காயத்துக்கு முளை வராமலிருக்க வயலிலேயே மருந்து அடித்திருப்பார்கள், அது ஊன்றினாலும் சும்மா கிடக்கும், அதற்காக நேரம் செலவழிக்க வேண்டாம். சின்ன வெங்காயத்திலும் விதையிலிருந்து வளர்ப்பதற்கென்றே கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் கோ-5 என்று ஒரு ரகம் விட்டது. மற்ற சின்ன வெங்காயங்கள் பெரும்பாலும் ஊன்றித்தான் பெருகும், இது நன்றாகப் பூத்து விதையும் கட்டும். கிழங்கு வழியாக வரும் அழுகல் நோய் விதை வழியில் குறைவு, ஊரிலிருந்து கொண்டுவரும் பாரமும் குறைவு.

சரி, ரகம் சரியாக வாங்கிவிட்டோம். அடுத்தது வயசு.

வெங்காய விதையைப் போல் அற்பாயுசு விதை காய்கறிகளில் அதிகம் இல்லை. தக்காளி, கத்தரி, வெள்ளரி விதைகளைச் சரியாக வைத்திருந்தால் நாலைந்து வருஷம் தாங்கும். அவரை, பயற்றங்காய், வெண்டை இரண்டு மூன்று வருஷம். வெங்காய விதை சாதாரணமாக ஒரு வருஷம், நல்ல இடத்தில் இருந்தால் இரண்டு. இது குளிர் ஊர்க் கணக்கு. நம் ஊரில் வெளியே வைத்தால் அதுவும் இல்லை. ஜேம்ஸ் ஹாரிங்டன் என்ற அமெரிக்க விதை அறிவியலாளர் எளிமையாக ஒரு கணக்குச் சொன்னார்: விதை வைக்கும் இடத்தின் வெப்பத்தை ஃபாரன்ஹீட்டில் எடுத்துக்கொள், காற்றின் ஈரப்பதச் சதவீதத்தை அதோடு கூட்டு, நூறுக்குள் இருந்தால் விதை பத்திரம். நம் வீட்டுக் கூடத்தில் 30 பாகை செல்சியஸ் என்றால் 86 ஃபாரன்ஹீட், ஈரப்பதம் 80 சதவீதம், கூட்டினால் 166. அந்தச் சூட்டில், அந்த ஈரத்தில், கடை வாசலில் வெயில் படும்படி மாட்டியிருக்கும் பாக்கெட்டுக்குள் என்ன நடக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். விதை வெளியே பார்க்க அப்படியேதான் இருக்கும். உள்ளே உயிர் போயிருக்கும்.

அதனால் எந்தக் கடையில் வாங்குகிறோம் என்பதைவிடக் கடையில் விதை எங்கே இருக்கிறது என்பதைப் பாருங்கள். குளிர்சாதன அறைக்குள் இருக்கிறதா, வாசலில் உரமூட்டைக்குப் பக்கத்தில் தொங்குகிறதா? நான் வழக்கமாக வாங்கும் கடையில், "அண்ணே, வெளியே தொங்குறது வேண்டாம், உள்ளே புதுசா வந்தது இருந்தா குடுங்க" என்று கேட்பேன், அவரும் சலித்துக்கொள்ளாமல் கல்லாவுக்குப் பின்னாலிருக்கும் டப்பாவைத் திறப்பார். கேட்கிறவர்களுக்கு எடுத்துக்கொடுக்கிறார்கள், நாம்தான் கேட்பதில்லை. பாக்கெட்டும் முக்கியம். உள்ளே அலுமினியத்தாள் பூசிய உறையானால் ஈரம் புகாது. வெறும் காகித உறை என்றால் இந்த ஊர்க் காற்று நேராக விதைக்குள் போகும். ஒரே ரகம் இரண்டு உறையிலும் இருந்தால் ஒரு வெள்ளி கூடக் கொடுத்தாவது தாள் பூசியதை வாங்குங்கள்.

இப்போது பின்பக்கம். பேக் செய்த தேதி ஒன்று, முளைப்புச் சோதனை செய்த தேதி இன்னொன்று, இரண்டும் வேறு வேறு. பழைய விதையைப் புது உறையில் போட்டால் பேக் செய்த தேதி புதிதாகத்தான் இருக்கும், நம்ப வேண்டியது சோதனைத் தேதியை. இந்தியப் பாக்கெட்டில் இரண்டும் இருக்கும், சோதனை செய்த நாளிலிருந்து ஒன்பது மாதம் என்று கெடுவும் இருக்கும், அதோடு முளைப்புத்திறன், புறத்தூய்மை (குப்பையும் வேறு விதையும் கலக்காத அளவு), ஈரப்பதம், குவியல் எண் (எந்தத் தொகுதி விதை என்று காட்டுவது) எல்லாம் சின்ன எழுத்தில் அச்சாகியிருக்கும். 1966 ஆம் ஆண்டு விதைச் சட்டம் வந்ததிலிருந்து இருக்கிற ஏற்பாடு இது. அந்தத் தரத்தின்படி வெங்காயத்துக்குக் குறைந்தது 70 சதவீதம் முளைக்க வேண்டும், தக்காளிக்கும் கத்தரிக்கும் அதே 70, வெண்டைக்கு 65, மிளகாய்க்கு 60. மிளகாய் விதை பத்தில் ஆறு முளைத்தால் அது நல்ல விதைதான், ஏமாந்துவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். அட்டையின் நிறமும் ஒரு தகவல்: நீல அட்டை சான்று விதை, அரசுச் சான்று முகமை வயலையும் விதையையும் பார்த்துச் சான்று கொடுத்தது. பச்சை அட்டை உண்மை நிலை விதை, அதாவது விற்கிற நிறுவனமே தன் பொறுப்பில் தரத்தைச் சொல்வது. பச்சை என்றால் மட்டம் என்று அர்த்தமில்லை, நல்ல நிறுவனங்களின் வீரிய ஒட்டு விதை பெரும்பாலும் இப்படித்தான் வரும், ஆனால் நிறுவனத்தின் பேர் என்ன என்று பார்த்து வாங்க வேண்டும். தேதியும் இல்லை, குவியல் எண்ணும் இல்லை, படம் மட்டும் இருக்கிறது என்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

வாங்கியாகிவிட்டது என்று எல்லாவற்றையும் உடனே மண்ணில் கொட்டிவிடாதீர்கள், முதலில் முளைக்கவைத்துப் பாருங்கள். சமையலறைக் காகிதத் துண்டை நனைத்து நன்றாகப் பிழிந்து, பாதியில் இருபது விதையை இடம் விட்டுப் பரப்பி, மறுபாதியை மூடி, சின்னச் சாப்பாட்டு டப்பாவில் வைத்து வெயில் படாத இடத்தில் விடுங்கள். டப்பா மேல் தேதியும் பெயரும் எழுதுங்கள். தண்ணீர் சொட்டச் சொட்ட இருந்தால் விதை மூச்சு முட்டி அழுகும், ஈரம் இருந்தால் போதும். வெங்காயம் இந்த ஊர்ச் சூட்டில் நாலைந்து நாளில் வாய் திறக்கும். கறுப்பாக, மூன்று முனையோடு, கருஞ்சீரகம் மாதிரியே சுருங்கிக் கிடந்த விதையின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு புள்ளி வரும், மறுநாள் அது நூலாக நீளும், அப்புறம் வேர் கீழே இறங்கும்போது பச்சைத் தண்டு பாதியில் முழங்காலை மடக்கியது போல வளைந்து எழும்பும். இரண்டு மூன்று நாளில் அது நிமிரும்போது விதையின் கறுப்புத் தோல் நுனியில் தொப்பியாக ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிடுங்காதீர்கள், தானே விழும். பன்னிரண்டு நாள் பார்த்து எண்ணுங்கள். இருபதில் பதினாலுக்கு மேல் முளைத்தால் நல்ல விதை. பத்து என்றால் நெருக்கமாக விதைத்துச் சமாளிக்கலாம். ஐந்து ஆறு என்றால் அந்தப் பாக்கெட்டைத் தூக்கிப் போடுங்கள், முளைத்த ஐந்தும் நோஞ்சானாகத்தான் இருக்கும். விதை வயசாகும்போது முளைக்கிற எண்ணிக்கை மட்டும் குறைவதில்லை, முளைக்கிறதின் வீரியமும் குறையும், இதைப் பலர் கவனிப்பதில்லை. எல்லாம் ஒரே நாளில் படபடவென்று முளைத்தால் அது இளமையான விதை, ஒன்று இன்றைக்கு ஒன்று அடுத்த வாரம் என்று இழுத்தால் அது கிழடு.

சில விதைகள் ரோஸ் நிறத்திலோ நீலத்திலோ பூச்சோடு வரும். அது பூஞ்சாண மருந்து, பெரும்பாலும் திரம். நல்லதற்குத்தான் போடுகிறார்கள், முளைக்கும்போது அழுகாது. ஆனால் கையை நன்றாகக் கழுவுங்கள், குழந்தைகளை அளைய விடாதீர்கள், முளைக்கீரை மாதிரி சின்னதாக இருக்கும்போதே பறித்துத் தின்னும் எதற்கும் அந்த விதையைப் பயன்படுத்தாதீர்கள்.

வீரிய ஒட்டா, நாட்டு விதையா? இதில் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடுகிறார்கள், எனக்கு இரண்டுமே வேண்டும். எஃப்-1 என்று போட்டிருந்தால் அது இரண்டு தனித்தனி தாய்த்தந்தை ரகத்தைச் சேர்த்து எடுத்த முதல் தலைமுறை விதை. எல்லாச் செடியும் ஒரே உயரம், ஒரே சமயத்தில் காய்ப்பு, பெரும்பாலும் நோய் தாங்கும் குணமும் சேர்ந்திருக்கும். ஆனால் அதன் பழத்திலிருந்து விதை எடுத்துப் போட்டால் அடுத்த தலைமுறை ஆளுக்கொரு பக்கம் போகும். விதை ஒன்று போடச் சுரை ஒன்று முளைக்குமா என்பார்கள், எஃப்-1 விஷயத்தில் கிட்டத்தட்ட அதுதான் நடக்கும். பேரங்காடியில் வாங்கிய தக்காளியைப் பிழிந்து போட்டுவிட்டு அதே பழம் வரும் என்று காத்திருப்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும். நாட்டு விதையில் அந்தத் தொல்லை இல்லை. பயற்றங்காய், அவரை, வெண்டை, கீரை இதெல்லாம் நாட்டு ரகமாக ஒருமுறை வாங்கினால் நல்ல செடியில் நாலு காயை முற்றவிட்டுக் காலத்துக்கும் ஓட்டலாம். தக்காளிக்கு மட்டும் நான் வீரிய ஒட்டுப் பக்கம். காரணம் இந்த ஊர் மண்ணில் இருக்கிற பாக்டீரியா வாடல். நேற்று வரை நன்றாக நின்ற செடி இன்றைக்கு மத்தியானம் பச்சையாகவே தலையைத் தொங்கப் போட்டுவிடும், அவ்வளவுதான், திரும்ப எழாது. மருந்து கிடையாது. தாங்கும் ரகம் ஒன்றே வழி. பெங்களூரு நிலையத்தின் அர்க்கா ரக்‌ஷக் இந்த வாடலையும் இலைச்சுருட்டையையும் முன்பருவக் கருகலையும் தாங்கும். வேறு எந்த நிறுவனம் என்றாலும் பின்பக்கத்தில் பாக்டீரியா வாடல் தாங்கும் என்ற வார்த்தை இருக்கிறதா என்று தேடுங்கள். கூடவே, ராத்திரி சூடு அதிகம் என்றால் பெரிய தக்காளி பூவை உதிர்த்துவிடும், செர்ரித் தக்காளி அதற்குள்ளும் காய்க்கும்.

வெப்பமண்டலத்துக்கென்றே விதை உருவாக்குவது ஒன்றும் பழைய காலத்து வழக்கமில்லை என்பதைச் சொல்ல வேண்டும். ரொம்ப நாளாகக் குளிர்நாட்டுக்காகத் தயாரித்த விதையே இந்தப் பக்கத்துக்கும் வந்துகொண்டிருந்தது. சைமன் குரூட் என்ற டச்சுக்காரர், தலைமுறை தலைமுறையாக விதை வியாபாரம் செய்த குடும்பம், 1982 இல் பிலிப்பீன்சுக்கு வந்து அங்கேயே ஒரு கூட்டாளியோடு ஈஸ்ட் வெஸ்ட் சீட் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அவர்கள் முதலில் கொண்டுவந்த ஒட்டு ரகங்களில் ஒன்று பாகற்காய். ஐரோப்பாவில் யார் பாகற்காய் சாப்பிடுவார்கள்? நம் பக்கத்துச் சின்ன விவசாயிகள் என்ன விதைக்கிறார்களோ அதற்கு நல்ல விதை வேண்டும் என்று உட்கார்ந்து வேலை செய்ததால் 2019 இல் அவருக்கு உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள். ஆகவே பாக்கெட்டில் எந்த நாட்டில் உருவான ரகம் என்று பாருங்கள். தாய்லாந்து, பிலிப்பீன்ஸ், இந்தோனேசியா, தென்னிந்தியா என்றால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வெண்டை இந்த ஊருக்கு அருமையான பயிர், மஞ்சள் நரம்புத் தேமல் நோய் தாங்கும் அர்க்கா அனாமிகா மாதிரி ரகம் பார்த்து வாங்கினால் போதும், விதையை ராத்திரி ஊறவைத்துப் போடுங்கள். கத்தரி எதுவானாலும் வரும். கீரை விதையில் ஏமாற ஒன்றுமில்லை, மணலோடு கலந்து தூவுங்கள், சிறுகீரையும் தண்டுக்கீரையும் மூன்று நான்கு வாரத்தில் சட்டிக்கு வந்துவிடும். மல்லிக்குச் சமையலறைத் தனியாவே போதும், ஆனால் பச்சை வாசம் போகாத புதுத் தனியாவாக இருக்க வேண்டும், லேசாகத் தேய்த்து இரண்டாக உடைத்துப் போடுங்கள். வெந்தயத்துக்கு உடைக்கவும் வேண்டாம்.

வெள்ளரிக்கு மட்டும் கொஞ்சம் நின்று யோசியுங்கள். பத்தாவது பன்னிரண்டாவது மாடியில் தேனீ வருவது அபூர்வம். சாதாரண வெள்ளரி விதையைப் போட்டால் கொடி நிறையப் பூக்கும், பிஞ்சு விரல் நீளம் வரும், மஞ்சளாகி உதிரும். பூச்சி எங்கே, மகரந்தம் எங்கே? மகரந்தச் சேர்க்கை இல்லாமலே காய்க்கும் வெள்ளரி ரகங்கள் தனியாக விற்கிறார்கள், விலை கூடுதல், ஒரு பாக்கெட்டில் ஏழெட்டு விதைதான் இருக்கும், இருந்தாலும் உயர மாடிக்காரர்கள் அதைத்தான் வாங்க வேண்டும். பாகல், புடலை, சுரை, பூசணிக்கு அப்படி வழியில்லை, ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவில் நீங்களேதான் தடவிவிட வேண்டும். பாகலுக்குக் காலையில், சுரைக்குப் பொழுது சாய்ந்த பிறகு.

இணையத்தில் விதை வாங்குவது பற்றி ஒரே ஒரு வார்த்தை. நீலத் தக்காளி, ஏழு வண்ண மிளகாய் என்று படம் போட்டு நூறு விதை இரண்டு வெள்ளிக்கு விற்கிறார்கள், அது கணினியில் நிறம் மாற்றிய படம். வந்து சேருவது எந்தச் செடியின் விதை என்று யாருக்கும் தெரியாது. பிள்ளைகள் ஆசையாகக் கேட்டு வாங்கி, முளைக்குமா என்று தினம் ஓடி ஓடிப் பார்க்கிறார்கள், அவர்களுக்கு முதல் அனுபவமே ஏமாற்றமாக அமைவதுதான் எனக்குப் பொறுக்காத விஷயம். தேசியப் பூங்காக் கழகம் 2020 இல் வீட்டுத்தோட்டத்துக்காக வீடுகளுக்கு இலவச விதை அனுப்பியபோது கொடுத்ததெல்லாம் இங்கே சுலபமாக வரக்கூடிய காய்களும் கீரைகளும்தான். பிள்ளைகளுக்கு அப்படித் தொடங்கிக்கொடுங்கள், கங்கோங் கீரை விதை மூன்றே நாளில் முளைக்கும்.

ஊருக்குப் போகிறவர்களிடம் விதை சொல்லி அனுப்பும் பழக்கம் நமக்கு உண்டு. விதையைச் சிங்கப்பூருக்குள் கொண்டுவர விதிமுறைகள் இருக்கின்றன, தேசியப் பூங்காக் கழகத்தின் இணையப் பக்கத்தைப் பார்த்துவிட்டு அதன்படி செய்யுங்கள், முத்திரை உடையாத நிறுவனப் பாக்கெட்டாக வாங்குங்கள், காகிதத்தில் மடித்த விதை வேண்டாம், மண் ஒட்டிய எதுவும் வேண்டவே வேண்டாம். இன்னொன்று, அம்மா மறக்காமல் மசாலா சாமானோடு சேர்த்துக் கட்டிவிடும் கசகசாவைப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள், இங்கே அது போதைப்பொருள் தடுப்பு சம்பந்தப்பட்ட சமாச்சாரம்.

மீந்த விதையை வைப்பது எப்படி? நம் பாட்டிமார் பூசணி விதையைச் சாணியில் பதித்துச் சுவரில் அப்பிவைத்ததும், சுரைக்குடுவைக்குள் சாம்பலோடு போட்டுக் கட்டியதும் ஈரத்திலிருந்தும் வண்டிலிருந்தும் காப்பாற்றத்தான். இங்கே அந்த வேலையைக் குளிர்ப்பெட்டி செய்யும். இறுக்கமாக மூடும் கண்ணாடிப் போத்தலில் மாத்திரை டப்பாவில் வரும் சிலிக்கா பொட்டலங்களையோ, வாணலியில் நன்றாக வறுத்து ஆறவைத்த அரிசியையோ அடியில் போட்டு, மேலே விதை உறைகளை வைத்து மூடி, குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். உறைபெட்டி வேண்டாம். அப்புறம் முக்கியமான ஒன்று: வெளியே எடுத்த உடனே மூடியைத் திறக்காதீர்கள். குளிர்ந்த விதைமேல் நம் ஊர்க் காற்றுப் பட்டதும் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்துவிடும், சேர்த்துவைத்ததெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் வீண். இரண்டு மணி நேரம் மேசையில் வைத்து, போத்தலின் வெளிப்பக்கம் காய்ந்த பிறகு திறவுங்கள்.

வெங்காய விதைக்கு இதைவிட நல்ல வழி மிச்சமே வைக்காமலிருப்பது. ஒரு கிராமில் ஏறத்தாழ முந்நூறு விதை இருக்கும், பத்து கிராம் பாக்கெட் வாங்கினால் ஒரு வீட்டுக்கு அது எந்தக் காலத்திலும் தீராது. எங்கள் தோட்டத்தில் நாலைந்து வீட்டார் சேர்ந்து ஒரே பாக்கெட் வாங்கி, வந்த அன்றைக்கே பங்கு பிரித்து, ஒவ்வொரு உறையிலும் ரகத்தின் பெயர், சோதனைத் தேதி, முளைத்த கணக்கு மூன்றையும் எழுதிவிடுகிறோம். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது ஊர்க் கணக்கு, இங்கே பட்டம் என்றால் மழைதான். நவம்பர், டிசம்பர் மழையில் நாற்று வைத்தால் அழுகும், அதனால் டிசம்பர் கடைசியில் மழை படாத இடத்தில் நாற்று விட்டு, மழை குறைந்திருக்கும் பிப்ரவரியில் பிடுங்கி நடுகிறோம். அதற்கு விதையை நவம்பர் கடைசியில் வாங்கினால் போதும், சோதனைத் தேதி அதே வருஷமாக இருக்கட்டும்.